மணலில் எழுதித் தமிழ் கற்ற ஜெர்மன் பாதிரியார்!

சென்னைக்கு வடக்கே இருக்கிறது காட்டூர். அங்கிருந்து இன்னும் வடக்கே போனால் பழவேற்காடு. அங்கே உள்ள பெரிய ஏரியின் தென்பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. மீதி பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. அதனால் ஏரிக்கரையில் தமிழும் காதில் விழும்; தெலுங்கும் காதில் விழும்.

இப்படிப்பட்ட இடத்தில் வளரும் குழந்தைக்கு இரண்டாவது மொழி கற்க வாத்தியார் வேண்டாம். மீன் விலை பேசுவதைக் கேட்டே கற்றுக்கொள்ளும்.

பெரியவர்களால் அப்படிக் கற்க முடியுமா? முடியும். ஆனால் வெட்கத்தை விட வேண்டும்!

இடையில் ஒரு மொழி

பழவேற்காட்டில் ஒரு காலத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்தார்கள். 1632 முதல் 1642 வரை ஆபிரகாம் ரோஜர் என்ற டச்சுப் பாதிரியார் அங்கே இருந்தார். இந்துக்களின் பழக்க வழக்கங்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம், அவர் இறந்த பிறகு 1651-ல் வெளிவந்தது.

அவருக்கு விவரங்களைச் சொன்னவர் பத்மநாபன் என்ற பிராமணர். இருவரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் தெரியுமா? போர்த்துக்கீசிய மொழியில்! அந்தக் காலத்தில் கடற்கரைப் பட்டினங்களில் அதுதான் வியாபார மொழி.

பத்மநாபனிடம் பேச அது போதும். போர்த்துக்கீசியம் தெரியாத ஏழை எளியவர்களிடம் பேசுவது எப்படி?

பிள்ளைகளோடு பிள்ளையாக

அந்தக் கேள்விக்கு வழி கண்டவர் சீகன்பால்கு. டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மன் பாதிரியார். 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடிக்குக் கப்பலில் வந்தார். வயது சுமார் 24. புளுட்சோ என்பவரும் கூட வந்தார். இருவருக்கும் தமிழ் தெரியாது.

அவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு வயதான வாத்தியாரை அழைத்து, பள்ளிக்கூடத்தைத் தங்கள் வீட்டிலேயே நடத்தச் சொன்னார்கள். பிள்ளைகளோடு தாங்களும் தரையில் உட்கார்ந்தார்கள். மணலைப் பரப்பி, விரலால் எழுத்துகளை எழுதினார்கள்.

எழுத்து வந்துவிட்டது. ஆனால் பொருள் விளங்கவில்லை! வாத்தியாருக்கு அவர்களுடைய மொழி தெரியாது. கேட்டால் விளக்கிச் சொல்ல ஆள் இல்லை.

அப்போது கைகொடுத்தவர் அழகப்பன் என்ற தமிழர். ஐரோப்பிய மொழிகள் சில தெரிந்தவர். அவர் சொல்லுக்குச் சொல் பொருள் சொன்னார். சீகன்பால்கு கேட்ட சொற்களை எழுதி வைத்துக்கொண்டார். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

பலன் என்ன? 1707 ஆகஸ்டில் தரங்கம்பாடியில் ஒரு புதிய தேவாலயம் திறக்கப்பட்டது. அங்கே தமிழிலும் பிரசங்கம் நடந்தது! 1708-ல், தாம் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு அவர் பட்டியல் எழுதினார். 1716-ல் அவருடைய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் அச்சானது. 1719-ல் அவர் இறந்தபோது வயது 36தான்.

இன்றும் அதே வழி

திபெத்திய மொழி கற்க வரும் வெளிநாட்டவர்களும் இன்று இந்த வழியில் போகிறார்கள். நேபாளத்தில் காட்மாண்டு நகரில் கோடைகால வகுப்புகள் நடக்கின்றன. மாணவர்கள் திபெத்தியக் குடும்பங்களோடு தங்குகிறார்கள். காலையில் வகுப்பு; வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு.

புத்தகம் மட்டும் போதாதா? திபெத்திய மொழிக்குப் போதாது. எட்டு என்ற எண்ணை எழுதும்போது ஏறக்குறைய ‘பர்க்யத்’ என்று எழுத்துகளைச் சேர்க்கிறார்கள். லாசா நகரத்துப் பேச்சில் அது ‘கியே’ என்று ஒலிக்கிறது! காதால் கேட்காமல் இது எப்படித் தெரியும்?

நம் தமிழும் அப்படித்தான். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எழுதுகிறோம். ‘வந்துக்கிட்டிருக்காங்க’ என்று பேசுகிறோம். புத்தகத்தை மட்டும் படித்து வருகிறவர் நம் சந்தையில் திகைத்துத்தான் நிற்பார்.

பிழைப்புக்காக வேறு மாநிலம் போகிறவர்கள் இதை மனத்தில் வைக்கலாம். நம் ஊர்க்காரர்களோடு மட்டுமே பேசிக்கொண்டிருந்தால், பத்து வருஷம் ஆனாலும் அந்த ஊர் மொழி வராது. கடைக்காரரிடம் பேச வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் பேச வேண்டும். தப்பு வந்தால் அவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுச் சரியான சொல்லையும் சொல்லித் தருவார்கள்.

அந்தச் சிரிப்புக்குப் பயப்படாதவருக்கு மொழி சீக்கிரம் வசப்படும்.