கடலில் மூழ்கியபின் மலை ஏறலாமா?

விடுமுறையில் தேவதானத்திலிருந்து இராமேசுவரம் சென்று, ஸ்கூபா கருவியுடன் கடலில் மூழ்கிக் களித்துவிட்டு, அப்படியே கொடைக்கானலையும் பார்த்து வரலாம் எனத் திட்டமிடுவோர் உண்டு. இந்த வரிசையில் ஓர் ஆபத்து உள்ளது.

நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அப்போது சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன், இரத்தத்திலும் திசுக்களிலும் மிகுதியாகக் கரைகிறது. கரையேறிய பின் அது வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த கொடைக்கானலுக்குச் சென்றாலோ விமானத்தில் பறந்தாலோ, காற்றழுத்தம் குறைந்து, சோடாப் புட்டியைத் திறந்ததும் எழுவதுபோல உடலுக்குள் குமிழிகள் தோன்றக்கூடும். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல், மூச்சுத்திணறல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனையை அணுகி, கடலில் மூழ்கியதைத் தவறாமல் தெரிவியுங்கள். ஆக்சிஜனே முதல் சிகிச்சை.

ஆகவே, மலையை முதலில் காணுங்கள். கடலை இறுதியில் வையுங்கள். ஒருமுறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் கழித்தே உயரமான இடங்களுக்குச் செல்லுங்கள்.

ஆஸ்துமா, இதயநோய், வலிப்புநோய் உள்ளோர் மருத்துவரின் ஒப்புதலின்றி மூழ்கலாகாது. கருவுற்ற பெண்கள் முற்றிலும் தவிர்த்தல் வேண்டும். சளியோ காதடைப்போ இருப்பின், அன்று கரையிலிருந்தே கடலைக் கண்டு மகிழுங்கள்.