ரூட்டருக்கு யாரும் சொல்லவில்லை

இரண்டாம் ஆண்டுப் பாடப்பணிக்காக நாங்கள் மூவர் இரண்டு லினக்ஸ் சர்வர்களை ஒரு குழுவாக இணைத்திருந்தோம். ஒன்று நின்றுபோனால் மற்றது அதே ஐபி முகவரியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடர வேண்டும். விரிவுரையாளரிடம் செய்து காட்ட இரண்டே நாள்தான் இருந்தது. முதல் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கிப் பார்த்தோம். ஆய்வுக்கூட மடிக்கணினியில் பக்கம் திறந்தது. விடுதியில் இருந்த தோழியின் கைப்பேசியில் திறக்கவில்லை.

ரூட்டரை அமைத்தவர் அவர்தான். "உன் பக்கத்துக் கோளாறு" என்று வாட்ஸ்அப்பில் கொஞ்சம் கடுமையாகவே எழுதிவிட்டேன். இரவு மாமாக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு வந்து பார்த்தால், யாரும் தொடாமலேயே சரியாகியிருந்தது! எனக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது. விரிவுரையாளர் முன்னால் மறுபடி வந்தால்?

ஒரே வலைக்குள் ஓர் ஐபி முகவரி எந்த இயந்திரத்தினுடையது என்று கேட்டறியும் முறைக்கு ஏஆர்பி என்று பெயர். 1982-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 826 ஆவணம் அதை வரையறுத்தது. "இந்த முகவரி யாருக்கு?" என்று ரூட்டர் எல்லாரிடமும் கேட்கும். உரியவர் தன் வன்பொருள் எண்ணான மேக் முகவரியைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் கேட்காமலிருக்க அந்தப் பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ளும். சிக்கல் அங்கேதான். லினக்ஸ் கணினி சிறிது நேரத்திலேயே பதிலைச் சரிபார்த்துவிடும். சிஸ்கோ ரூட்டர்களில் இயல்பான காலக்கெடு 4 மணி நேரம்! அதுவரை, அறை மாறிப்போன நண்பனைத் தேடிப் பழைய அறைக் கதவையே தட்டுவதுபோல, நின்றுபோன சர்வருக்கே தகவலை அனுப்பிக்கொண்டிருக்கும்.

மறுநாள் சோதனையைத் திரும்பச் செய்து, ரூட்டரின் ஏஆர்பி அட்டவணையைப் பார்த்தோம். பழைய மேக் முகவரிதான் இருந்தது. அந்த வரியை அழித்ததும் கைப்பேசியில் பக்கம் திறந்தது.

அப்படியானால் தவறு ரூட்டரிலா? இல்லை. முகவரியை எடுத்துக்கொள்ளும் சர்வர், "இனி இது என்னுடையது" என்று கேட்காமலேயே எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும். கீப்அலைவ்டி போன்ற ஆயத்த மென்பொருள்கள் அதைத் தாமே செய்கின்றன. நானோ, சொந்தமாக எழுதுவதே பெருமை என்று ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். அதில் முகவரியைச் சேர்த்தேன், அறிவிக்கவில்லை. லினக்ஸும் இயல்பாக அதை அறிவிக்காது. ரூட்டரின் காலக்கெடுவைக் குறைக்கலாமே என்று மூன்றாமவர் கேட்டார். குறைத்தாலும் இடைவெளி சுருங்குமே தவிர மறையாது.

ஆர்ப்பிங் கட்டளையை ஒரே வரியாகச் சேர்த்தேன். மின்கம்பியை மறுபடி பிடுங்கினோம். விடுதியிலிருந்து, "திறக்குது" என்று செய்தி வந்தது. மன்னிப்புக் கேட்டு நீளமாக எழுதினேன். "இன்றைக்குத் தே தாரிக் உன் செலவு" என்று மட்டும் பதில் வந்தது.