மலைமுகடும் வானொலி அலையும்

வடபுலத்தில் வாழும் நம்மவருள் ரிஷிகேசத்திற்கு யாத்திரை சென்று வந்தோர் பலர். அவ்வூர் எய்ம்ஸ் மருத்துவமனையிலிருந்து டெஹ்ரி மாவட்ட மருத்துவமனைக்கு, 2023ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஆளில்லாச் சிறு விமானம் ஒன்று காசநோய் மருந்துகளைச் சோதனை முறையில் சுமந்து சென்றது. மலைச்சாலையில் சுமார் இரண்டு மணி நேரம் பிடிக்கும் பயணம் அரைமணி அளவில் முடிந்தது. டிரோன் எனப்படும் இத்தகைய விமானத்தைத் தரையோடு பிணைத்திருப்பது வானொலி அலையே. மலைகளுக்கு இடையே அவ்வலை எவ்வாறு செல்கிறது என்பதை இங்கே காண்போம்.

நம் இல்லங்களில் கேட்கும் மத்திய அலையின் நீளம் சில நூறு மீட்டர். அது குன்றுகளைத் தழுவி வளைந்து செல்ல வல்லது. டிரோன்களில் பெரிதும் பயன்படும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ சுமார் 12.5 சென்டிமீட்டர்தான். சிறிய ஏரியல் போதும்; படங்களையும் அனுப்பலாம் என்பன இதன் நன்மைகள். ஆயினும் இது ஏறக்குறைய ஒளியைப் போலவே நேராகச் செல்லும். இடையில் மலை நின்றால், அதன் மறுபுறம் அலைக்கு நிழலாகிவிடும்.

விமானம் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது. அலை தன் வழியின் நடுவே பருத்தும் இரு முனைகளில் ஒடுங்கியும் இடம் கொள்கிறது. பிரெஞ்சு அறிஞர் பிரெனெல் பெயரால் இது பிரெனெல் மண்டலம் எனப்படும். 10 கிலோமீட்டர் தொலைவாயின், நடுவில் அதன் ஆரம் சுமார் 18 மீட்டர். கூரிய முகடு ஒன்று பார்வைக் கோட்டைத் தொடும் அளவில் நின்றாலே, வந்து சேரும் ஆற்றல் கால் பங்காகக் குறையும். அன்றியும், பாறைகளில் பட்டுத் திரும்பும் அலைகள் நேர் அலையோடு கலந்து சில இடங்களில் அதனைத் தேய்த்துவிடும்.

இவற்றிற்குப் பரிகாரம் உண்டு. தரைநிலையத்தை உயர்ந்த இடத்தில் அமைக்கலாம். முகட்டின்மேல் இடைநிலையம் வைக்கலாம். இரண்டு ஏரியல்கள் கொண்டு வலிய அலையைத் தேர்ந்து ஏற்கலாம். செயற்கைக்கோளின் துணையையும் நாடலாம்.

தொடர்பு அறுந்தால் தானே புறப்பட்ட இடத்திற்குத் திரும்புமாறு பல டிரோன்கள் அமைக்கப்பட்டுள்ளன. அவ்வாறு திரும்பும் உயரம் இடைப்பட்ட முகட்டினும் தாழ்வாக இருப்பின், விமானம் மலையில் மோதக்கூடும். காத்திருக்கும் நோயாளிக்கு மருந்து சேராது. ஆதலின், பறக்கவிடுமுன் வழியிலுள்ள முகடுகளை எல்லாம் வரைபடத்தில் அளந்து உயரத்தை வகுத்துக்கொள்வது இன்றியமையாததாகும்.