உஷார்! எலும்புக்கூட்டுக் கடற்கரையில் கார் ஓட்டப் போகிறீர்களா?

நமீபியாவுக்குப் போய், வாடகைக் கார் எடுத்து, எலும்புக்கூட்டுக் கடற்கரையை ஒரு சுற்றுச் சுற்றிவரத் திட்டமா? கொஞ்சம் நில்லுங்கள். அங்கேயும் நம் ஊர்போல இடதுபக்க ஓட்டம்தான். நெரிசல் கிடையாது. சாலை நேராக நீண்டு கிடக்கும். நம்மவர்களை ஏமாற்றுவதே இந்தச் சௌகரியங்கள்தான்!

ஸ்வாகோப்முண்டிலிருந்து வடக்கே போகும் சி34 சாலையை முழுக்கத் தார்ச்சாலை என்று நினைத்துவிடாதீர்கள். வழியில் உள்ள ஹென்டிஸ் பே ஊரைத் தாண்டினால் உப்புநீரும் ஜிப்சமும் சேர்த்து இறுக்கிய உப்புச் சாலை. காய்ந்திருக்கும்போது கெட்டியாக, வழவழவென்று இருக்கும். கடலில் ஓடும் குளிர்ந்த பெங்குவெலா நீரோட்டத்தால் மூடுபனி எழுந்து கரையேறிவிட்டால், எண்ணெய் கொட்டிய தரைதான். பிரேக் போட்டாலும் வண்டி நிற்காது, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். பனி விலகாமல் தயவுசெய்து கிளம்பாதீர்கள். அதற்கும் வடக்கே சரளைக்கல். அங்கே 80 கிலோமீட்டர் வேகமே அதிகம். ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால், எதிரே ஒரு வண்டிகூட இல்லாத சாலையில் கார் உருண்டுவிடும்.

உருண்டால் யார் வருவார்கள்? 1942-இல் டனிடின் ஸ்டார் என்ற கப்பல் இந்தக் கரையில் தரைதட்டியது. மீட்க வந்த இழுவைக் கப்பலும் தரைதட்டி, அதிலிருந்த இருவர் இறந்தார்கள். உதவ வந்து தரையிறங்கிய விமானம் மணலில் புதைந்தது. விண்ட்ஹுக்கிலிருந்து புறப்பட்ட லாரிகள் மணலில் சிக்கிச் சிக்கித்தான் வந்து சேர்ந்தன. இன்று சாலை இருக்கிறது, உண்மைதான். ஆனால் நீண்ட தூரத்துக்குச் செல்போன் சிக்னல் இல்லை.

ஹென்டிஸ் பேயில் டேங்கை நிரப்பாமல் நகராதீர்கள். எலும்புக்கூட்டுக் கடற்கரைப் பூங்காவின் ஊகாப் வாயிலுக்குப் பிற்பகல் 3 மணிக்கு முன்பே போய்விடுங்கள். பிந்தினால் பூங்காவைக் கடந்துபோக விடமாட்டார்கள். ஸ்டெப்னி ஒன்று போதாது, இரண்டு கேட்டு வாங்குங்கள். ஜாக்கி வேலை செய்கிறதா என்று கார் எடுக்கும் இடத்திலேயே பாருங்கள். படம் எடுக்கும் ஆசையில் சாலையைவிட்டு இறங்காதீர்கள்: வண்டி புதையும், டயர் நசுக்கிய கற்பாசிப் படுகை பல பத்தாண்டுகளானாலும் மீளாது.

அப்படியும் வண்டி நின்றுவிட்டால் நடந்து போய் உதவி தேடலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். காரின் நிழலிலேயே இருங்கள். ஆளுக்கு இரண்டு நாளுக்கான குடிதண்ணீரை வண்டியில் வைத்துக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான்.