ஊருக்கு லீவு, உங்களுக்கு இரட்டைச் சம்பளம்

ஆகஸ்ட் 15 வந்தால் ஆரோவிலை ஒட்டிய இடையஞ்சாவடிப் பக்கம் சென்னை கார்களும் வாடகை ஸ்கூட்டர்களும் நெரியும். ஆரோவில் பார்க்க வருகிறவர்களுக்கு அறை துடைப்பதும் காபி போடுவதும் சுற்றுவட்டார ஊர்க்காரர்கள்தான். அன்றைக்கும் பலர் கையில் வழக்கமான சம்பளம்தான். ‘சீசன்ல லீவு கேக்காத’ என்று முதலாளி சொல்வதையே சட்டமென்று நம்பிவிடுகிறார்கள்.

1936இல் பிரான்சு தன் தொழிலாளிகளுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை தந்தது. அதே ஆண்டு ஜூலை 30இல், அதன் ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் போராடிய பஞ்சாலைத் தொழிலாளிகள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விடுமுறை யாரும் தானமாகக் கொடுத்ததல்ல.

தமிழ்நாட்டில் நமக்கு உதவுவது 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் சம்பளத்துடன் விடுமுறை. பண்டிகைகளுக்கு மேலும் ஐந்து நாள். ஓட்டல், கடை எல்லாவற்றுக்கும் இது உண்டு. அன்று வேலை வாங்க வேண்டுமானால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளம். இல்லையேல் அன்றைய சம்பளமும் மாற்று விடுப்பும்.

இவை கிடைக்காதவர்கள் செய்யும் முதல் தவறு, பக்கத்தில் இருக்கிறதே என்று புதுச்சேரிக்கு ஓடுவது. வேலை செய்யும் இடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அங்கேதான் புகார். இடையஞ்சாவடி விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். போக வேண்டியது விழுப்புரத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கவனியுங்கள். ‘சமூகப் பாதுகாப்புத் திட்டம்’ என்றிருப்பது நல வாரியப் பணிகளுக்கு. தவறான மேசையில் மனு கொடுத்தால் ‘இங்கே இல்லை’ என்பார்கள். எங்கே என்று சொல்ல ஆளிருக்காது.

வெள்ளைத்தாள் போதும். நிறுவனத்தின் பெயர், முகவரி, சேர்ந்த தேதி, வேலை செய்த விடுமுறை நாள், வாங்கிய சம்பளம், வர வேண்டிய பாக்கி ஆகியவற்றை எழுதுங்கள். வரச் சொன்ன வாட்ஸ்அப் செய்தி, வருகைப் பதிவின் படம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகலை இணையுங்கள். மூலத்தைக் கொடுக்காதீர்கள். தனியாகப் போக பயமிருந்தால் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திடுங்கள். மனு பெற்றதற்கு முத்திரையுடன் ரசீது வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயே வாக்குவாதம் வேண்டாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள் குறைதீர் கூட்டம், அல்லது முதல்வரின் உதவி மைய எண் 1100. அங்கேயும் ரசீது, ரசீது.

இதே மாவட்டத்து மரக்காணம் உப்பளத்தாரின் கதை வேறு: மழை மாதங்களில் அவர்களுக்கு வேலை நின்றுவிடும். அது சம்பளமில்லாத ஓய்வு. அந்த மாதங்களுக்கு அரசு அறிவித்த நிவாரணம் 5,000 ரூபாய். நல வாரியப் பதிவு வைத்திருப்பவர்கள் அந்தப் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள்.

விடுமுறைச் சம்பளப் பாக்கி கேட்கக் காலவரம்பு உண்டு. போன விடுமுறை நாளுக்கான மனுவை இந்த வாரமே எழுதுங்கள்.