மலையில் வைத்த தீ வயலைச் சுடும்



மாசி, பங்குனி வந்துவிட்டால் ராத்திரியிலே அழகர்மலைப் பக்கமோ சிறுமலைப் பக்கமோ சிவப்பாக ஒரு கோடு தெரியும். “மலை எரியுது” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுவோம். “எங்கேயோ மலையிலே எரிஞ்சா நம்ம வயலுக்கு என்னங்க?” என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் பார்க்கப் போகிறோம்.

தீப்பிடிக்காத காட்டிலே ஒரு பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள். கறுப்பாக, பொலபொலவென்று இருக்கும். உதிர்ந்த சருகு, செத்த வேர், பூச்சி புழு எல்லாவற்றையும் கறையானும் மண்புழுவும் பூஞ்சாணமும் தின்று மக்க வைத்ததால் வந்த கறுப்பு அது. மரம் காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து இலையும் கட்டையுமாக ஆக்குகிறது. இலை உதிர்ந்து மக்கும்போது ஒரு பங்கு திரும்பக் காற்றுக்குப் போகிறது. ஒரு பங்கு மண்ணிலே தங்குகிறது. மண் பரிசோதனை அட்டையிலே ‘அங்ககக் கரிமம்’ என்று போட்டிருக்கிறதே, அதுதான் இது. நாம் கரிச்சத்து என்று வைத்துக்கொள்வோம்.

காட்டின் செல்வம் மரத்திலே இருக்கிறது என்று நினைக்கிறோம். டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனத்தின் 2021 அறிக்கைப்படி நம் நாட்டுக் காடுகளில் உள்ள கரிச்சத்து சுமார் 720 கோடி டன். அதிலே 56 சதவீதம் மண்ணுக்குள்ளே இருக்கிறது. மரம், கொடி, வேர், சருகு எல்லாம் சேர்ந்தும் மீதிதான். கண்ணுக்குத் தெரிகிற காட்டைவிடத் தெரியாத காடு பெரிது!

நம் வயல் கணக்கையும் பார்ப்போம். ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண் ஏறத்தாழ 900 டன் எடை. கரிச்சத்து அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று பரிசோதனைக்கூடத்தில் எழுதுவார்கள். அரை சதவீதம் என்றால் நாலரை டன். 2 சதவீதம் உள்ள காட்டு மண் என்றால் 18 டன். நம் சமவெளி வெயிலுக்கும் அடிக்கடி உழவுக்கும் மக்கு சீக்கிரம் கரைந்துபோகிறது. மலையிலே நிழலும் குளிர்ச்சியும் இருப்பதால் நெடுங்காலம் தங்குகிறது.

அந்த மக்கினால் நமக்கு என்ன லாபம்? தண்ணீர்தான் லாபம். மக்கு உள்ள மண் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். சாத்தையாறு அணைக்குச் சிறுமலையிலிருந்து வருகிற நீரும், வைகைக்கு வருசநாடு, மேகமலைக் காடுகளிலிருந்து வருகிற நீரும் இப்படிப்பட்ட மண்ணைக் கடந்துதான் வருகின்றன. 2021-இல் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அங்கே புலி காக்கப்படுகிறது என்றால் வைகையின் தாய்மடியும் காக்கப்படுகிறது என்று அர்த்தம்.

இப்போது தீக்கு வருவோம். நம்ம பக்கத்திலே செங்கல் சூளையைக் காளவாசல் என்போம். மதுரையிலே அந்தப் பேரில் ஒரு பேட்டையே இருக்கிறது. காளவாசலிலே வெந்த மண்ணைப் பொடித்து விதை போட்டுப் பாருங்கள், தேறாது. அதிலிருந்த மக்கெல்லாம் புகையாகப் போய்விட்டது. காட்டுத் தீ அவ்வளவு ஆழம் சுடாது என்பது உண்மை. ஒரு தடவை எரிந்தால் சருகும் மேலாக உள்ள மக்கும் போகும். வருசா வருசம் எரிந்தால் மண்ணுக்குச் சேர வேண்டிய சருகே இல்லாமல் போகும், முளைத்த கன்றும் கருகும். அடுத்த கோடை மழை, சாம்பலையும் மேல்மண்ணையும் வழித்துக்கொண்டு வந்து கண்மாயிலே தட்டும். மலையிலே மண் போச்சு. கண்மாயிலே கொள்ளளவு போச்சு. வயலிலே இரண்டாம் தண்ணி போச்சு.

“தீ வச்சாத்தானே ஆட்டுக்குப் புதுப்புல்லு வரும்?” என்று கேட்பார்கள். வரும், மறுக்கவில்லை. சாம்பல் சத்திலே ஒரு தளிர்ப்புத் தளிர்க்கும். ஆனால் தழைச்சத்து பெரும்பகுதி புகையோடு போயிருக்கும். அது விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிற கதை.

“எரிஞ்ச இடத்திலே மரத்தை நட்டாப் போச்சு” என்பதும் முழுப் பதில் ஆகாது. எந்த இடத்தில் எந்த மரம் என்று பார்க்க வேண்டும். நீலகிரியிலே இயற்கையான புல்வெளியில் தைல மரம் நட்டு, உதகமண்டலத்தில் உள்ள மத்திய மண் நீர்வள ஆராய்ச்சி நிலையத்தார் ஓடை நீரைப் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் பத்தாண்டிலேயே நீர் வரத்து ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. புல்வெளியும் காடுதான், அதன் மண்ணும் கரிச்சத்துக் களஞ்சியம்தான்.

அப்படியானால் காட்டைத் தொடவே கூடாதா? கன்றுக்கு விட்டுக் கறப்பது போலத் தொட வேண்டும். வளர்கிற அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது. 1997 முதல் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்திலே கிராம வனக் குழுக்கள் அமைத்து, மக்களும் வனத்துறையும் சேர்ந்து காட்டைப் பராமரிக்கிற முறை வந்தது. மலையடிவார ஊர்க்காரர்கள் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியவை இவை:

காட்டிலே தீ வைக்காதீர்கள். 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படி காப்புக் காட்டில் அது குற்றம். அதைவிட, தீ யார் சொல்லுக்கும் நிற்காது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் பலி வாங்கியதை மறக்க முடியுமா?

கோடைக்கு முன்பே வனத்துறையோடு சேர்ந்து தீத்தடுப்புக் கோடு வெட்டுங்கள். மலையை ஒட்டிய வயலில் தட்டையையும் வரப்புப் புல்லையும் கொளுத்தாமல் குழியில் போட்டு மக்க வையுங்கள். எருவுக்காகக் காட்டுச் சருகைக் கூட்டி அள்ளாதீர்கள். கொளிஞ்சி, சணப்பு விதைத்து மடக்கி உழுங்கள். வரப்பிலே அகத்தி, கிளைரிசிடியா, சவுண்டல் வைத்தால் ஆட்டுக்குத் தழை வீட்டு வாசலிலேயே கிடைக்கும்.

பங்குனியில் மலையிலே சிவப்புக் கோடு தெரிந்தால் படுக்கப் போகாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள். எரிவது உங்கள் கண்மாய்த் தண்ணீர்.