6 துளை மெஷின் 8 துளை ஆனால்... ஆர்டர் தயாரிப்பில் லாபத்தைக் காப்பாற்றுமா இ.ஆர்.பி.?

மிக்ஸி வேண்டுமென்றால் கடைக்குப் போய் வாங்கிவிடலாம். பம்ப் உறையில் ஒரே இறக்கத்தில் 6 துளை போடும் மெஷின் வேண்டுமென்றால்? அது எந்த ஷோரூமிலும் இருக்காது. கோவையிலோ, ஓசூரிலோ, அம்பத்தூரிலோ ஒரு பட்டறையைப் பிடித்து, ஆர்டர் கொடுத்து, அட்வான்ஸ் கட்டிய பிறகுதான் அந்த மெஷினின் டிசைன் வேலையே தொடங்கும்.

இதற்கு ‘ஸ்பெஷல் பர்ப்பஸ் மெஷின்’ என்று பெயர். சுருக்கமாக எஸ்.பி.எம். கை நிறைய ஆர்டர் இருந்தும், வருடக் கடைசியில் காசு நிற்காத பட்டறைகள் இந்தத் தொழிலில் உண்டு. ஏன் இப்படி? மென்பொருள் இதைச் சரிசெய்யுமா?

ஸ்டாக் தயாரிப்பு Vs ஆர்டர் தயாரிப்பு: என்ன வித்தியாசம்?

வெட் கிரைண்டர் தயாரிப்பவர் ஒரே மாடலைத் திரும்பத் திரும்பச் செய்கிறார். ஒரு கிரைண்டருக்கு என்ன செலவு என்று ஒருமுறை சரியாகக் கணக்குப் போட்டால் போதும். தப்பு இருந்தாலும் அடுத்த லாட்டில் திருத்திக்கொள்ளலாம்.

எஸ்.பி.எம்.மில் அந்த வசதி இல்லை. பெரும்பாலும் முதல் மெஷினே கடைசி மெஷினும்கூட. இன்னொரு சிக்கல், இங்கே விலையை முதலில் சொல்ல வேண்டும். டிசைன் பிறகுதான் வரும். என்ன செய்யப்போகிறோம் என்று முழுதாகத் தெரிவதற்கு முன்பே விலை முடிவாகிவிடுகிறது.

லாபம் எப்படி நழுவுகிறது?

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 6 துளை மெஷினுக்கு ஜி.எஸ்.டி. நீங்கலாக 40 லட்சம் ரூபாய்க்கு கொட்டேஷன். மோட்டார், ஸ்பிண்டில், பேரிங் போன்ற வாங்கும் பாகங்களுக்கு 18 லட்சம். வார்ப்பு, இரும்பு, ஜாப் ஒர்க்குக்கு 8 லட்சம். டிசைன், அசெம்ப்ளி கூலிக்கு 6 லட்சம். லாரி வாடகை, இன்ஸ்டலேஷன் உள்ளிட்டவைக்கு 3 லட்சம். ஆக 35 லட்சம். லாபம் 5 லட்சம்.

டிராயிங் அப்ரூவல் ஆகி வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது கஸ்டமரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ்: “ஃப்ளேன்ஜ் மாறிடுச்சுங்க. 8 துளை வர்ற மாதிரி பண்ணிக் குடுத்துருங்க.” பழகிய கஸ்டமர். “சரிங்க” என்று பதில் போகிறது.

ஸ்பிண்டில் ஹெட்டை மாற்றியதில் 1.60 லட்சம் கூடுதல். ஏற்கெனவே வாங்கிய மோட்டாரின் சக்தி போதவில்லை. 60,000 ரூபாய் ஷெல்ஃபில் தூங்குகிறது. ஃபிட்டர்கள் கூடுதலாக 200 மணி நேரம் வேலை பார்த்தார்கள். மணிக்கு 400 ரூபாய் என்றால் 80,000. டெலிவரி 3 வாரம் தாமதம். வாரத்துக்கு அரை சதவீதம் அபராதம் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் இருந்ததால் இன்னொரு 60,000. மொத்தம் 3.60 லட்சம் போய், 5 லட்சம் லாபத்தில் மிஞ்சியது 1.40 லட்சம்.

இதைவிடப் பெரிய இழப்பு இனிமேல்தான். இந்த 3.60 லட்சம் எங்கே போனது என்று தெரியாவிட்டால், அடுத்து வரும் 8 துளை மெஷினுக்கும் அதே பழைய கணக்கில்தான் கொட்டேஷன் போகும்.

டேலி இருக்கிறதே, போதாதா?

டேலியிலும் செலவுகளை ஆர்டர்வாரியாகப் பிரித்துப் பார்க்க ‘காஸ்ட் சென்டர்’ வசதி உண்டு. ஆனால், பில் போடவும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யவும் மட்டுமே அதைத் திறந்தால், பேரிங் கடைக்கு 2 லட்சம் கொடுத்தது தெரியும். அதில் எவ்வளவு எந்த மெஷினுக்குள் போனது என்று தெரியாது. டிராயிங் டிசைனரின் கம்ப்யூட்டரில், பர்ச்சேஸ் பட்டியல் எக்செலில், கடைசி நேர மாற்றம் வாட்ஸ்அப்பில், மிச்சமெல்லாம் ஃபோர்மேன் தலையில். இவற்றை ஒரே இடத்தில் கோப்பதுதான் இ.ஆர்.பி.யின் வேலை.

இ.ஆர்.பி. என்ன செய்யும்?

எந்தப் பாகம், எத்தனை, எப்போது வேண்டும் என்று கம்ப்யூட்டரைக் கணக்குப் போட வைக்கும் எம்.ஆர்.பி. முறையைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் ஜோசப் ஓர்லிக்கி. அவருடைய புத்தகம் 1975-ல் வந்தது. பிறகு கணக்கு, விற்பனை, ஆட்கள் என எல்லாம் சேர்ந்து அது வளர, கார்ட்னர் நிறுவனம் 1990-ல் வைத்த பெயர்தான் இ.ஆர்.பி. ஆர்டர் தயாரிப்பில் இது 4 இடங்களில் உதவுகிறது.

ஜாப் நம்பர்: ஆர்டர் உறுதியானதும் ஒரு எண். வாங்கும் போல்ட் முதல் வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க் வரை எல்லாமே அந்த எண்ணில் ஏறும். பாதி வழியிலேயே “திட்டம் 18 லட்சம், இதுவரை 16 லட்சம்” என்று திரையில் பார்க்கலாம்.

பாகப் பட்டியல்: பி.ஓ.எம். எனப்படும் இதுதான் முதுகெலும்பு. டிராயிங் மாறினால் பட்டியலுக்கும் புது ரிவிஷன் எண் வரும். பழைய டிராயிங்கை வைத்து டர்னர் வெட்டிவிடும் விபத்து குறையும்.

கொள்முதல்: சர்வோ மோட்டார், லீனியர் கைடு போன்றவை வரத் தாமதமாகலாம். டெலிவரி தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எதை எந்தத் தேதிக்குள் ஆர்டர் செய்ய வேண்டும் என்று மென்பொருள் சொல்லும்.

நேரக் கணக்கு: எந்த ஜாபுக்கு யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்ற பதிவு. அடுத்த கொட்டேஷனுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

எங்கே சொதப்புகிறது?

முதலில், மென்பொருளின் அடிப்படையிலேயே. பாகப் பட்டியல் முழுதாகத் தயாரான பிறகே வேலை தொடங்கும் என்று நினைத்து உருவாக்கப்பட்டவை பல. எஸ்.பி.எம்.மில் டிசைன் பாதியில் இருக்கும்போதே மோட்டாருக்கு ஆர்டர் போட்டாக வேண்டும். பட்டியலைப் பகுதி பகுதியாக வெளியிட முடியுமா என்று டெமோவிலேயே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது பெயர்க் குழப்பம். ஒரே போல்ட்டை ‘எம்8 போல்ட்’, ‘போல்ட் 8 எம்எம்’, ‘ஹெக்ஸ் எம்8’ என்று மூன்று பெயரில் ஏற்றினால், ஸ்டாக்கில் இருப்பதையே மறுபடி வாங்க வேண்டிவரும்.

மூன்றாவது, ஆட்கள். மணிக்கணக்கைப் பதிவு செய்யச் சொன்னால், “நம்மள வேவு பாக்குறாங்க” என்றுதான் ஃபிட்டருக்கு முதலில் தோன்றும். பயத்தில் எல்லோரும் ‘8 மணி நேரம்’ என்றே எழுதினால் அந்தப் பதிவால் பயனில்லை. கொட்டேஷனைச் சரியாகப் போடத்தான் இது, சம்பளத்தைப் பிடிக்க அல்ல என்று ஓனரே சொல்லி, அப்படியே நடந்தும் காட்ட வேண்டும்.

மாறும் நேரமும் முக்கியம். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999-ல் ஹாலோவீன் சீசனுக்குச் சற்று முன்பு புது மென்பொருளுக்கு மாறியது. சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை நேரத்துக்கு அனுப்ப முடியாமல் திணறியது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மும்பையின் ஃப்ராப்பே உருவாக்கிய இ.ஆர்.பி.நெக்ஸ்ட் ஓப்பன் சோர்ஸ். லைசென்ஸ் கட்டணம் இல்லை. பெல்ஜியத்தின் ஓடூவுக்கு இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் உண்டு. எஸ்.ஏ.பி. பிசினஸ் ஒன் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கானது. லைசென்ஸ் இலவசம் என்றாலும் சர்வர், பயிற்சி, டேட்டா ஏற்றுவது என்று செலவு இருக்கும். உங்கள் பழைய ஆர்டர் ஒன்றைக் கொடுத்து, நடுவில் டிசைனை மாற்றி, மென்பொருள் அதை எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள்.

எதிலிருந்து தொடங்கலாம்?

மென்பொருள் வாங்கும் முன்பே இரண்டு பழக்கங்களை இன்றே தொடங்கலாம். ஒன்று, எல்லாச் செலவுக்கும் ஜாப் நம்பர். இரண்டு, எந்த மாற்றத்துக்கும் கூடுதல் விலை, கூடுதல் நாள் இரண்டையும் எழுதி, கஸ்டமரின் ஒப்புதல் வாங்குவது. மேலே சொன்ன கணக்கில் அந்த ஒரு மெயில் போயிருந்தால், 3.60 லட்சத்தில் பெரும்பகுதியைக் கேட்டு வாங்க வழி இருந்திருக்கும்.

பணம் வசூலிக்கவும் இந்தப் பதிவுகள் கைகொடுக்கும். எம்.எஸ்.எம்.இ.டி. சட்டம் 2006-ன்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் ஒப்பந்தம் போட்டும் தள்ளிப்போட முடியாது. டெலிவரியான 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், டெலிவரி நாளே ஏற்ற நாள். “டிரயல் இன்னும் சரியா வரலைங்க” என்று வாய்வார்த்தையில் இழுத்தடிப்பவரிடம் காட்ட, தேதியோடு ஒரு பதிவு கையில் இருக்க வேண்டும்.

“சரிங்க” என்பதற்கு முன்னால், “இதுக்கு எவ்வளவு ஆகும்னு பாத்துச் சொல்றேங்க” என்று சொல்லும் பழக்கம் வந்த பட்டறைக்கு இ.ஆர்.பி. நிச்சயம் உதவும். அது வராத இடத்தில், எவ்வளவு விலை உயர்ந்த மென்பொருளும் இன்னொரு பில் புத்தகம்தான்.